பாட்டில் திரும்பும் பூவும் முற்றத்தில் திரும்பாத பூவும்

சேலத்தை அடுத்த கன்னங்குறிச்சியில் புதிதாகக் குடியேறிய ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. தை மாதம் வீட்டு முற்றத்தில் அவர் விதைத்த சூரியகாந்தி, இப்போது பங்குனியில் வரிசையாகப் பூத்து நிற்கிறது. தாம் தொடக்கப் பள்ளியில் கற்ற நான்கு வரிப் பாட்டு ஒன்றை, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு அவர் சொல்லித் தந்திருக்கிறார்.

கிழக்கே உதிக்கும் கதிரவனைக்
கிட்ட நின்று பார்த்திடுமாம்;
மேற்கே போகும் வேளையிலும்
மெல்லத் திரும்பிச் சென்றிடுமாம்.

மகள் இரண்டு நாள் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்துவிட்டு, "பூ திரும்பவே இல்லை, பாட்டு பொய்" என்று சொல்லிவிட்டாளாம். பூக்கள் எல்லாம் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே நிற்கின்றனவாம். பாட்டு தவறா, செடியில் ஏதேனும் கோளாறா, இனி இந்தப் பாட்டைக் குழந்தைக்குச் சொல்லித் தரலாமா என்று அவர் கேட்கிறார். சேலத்தில் நீண்ட காலம் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், ஏறத்தாழ இதே போன்ற பாட்டைப் பாடி வளர்ந்தவன் என்ற முறையிலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செடியில் கோளாறு எதுவும் இல்லை; பாட்டும் பொய் சொல்லவில்லை. பாட்டு இளஞ்செடியைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் மகள் பார்த்தது முதிர்ந்த பூவை. சூரியகாந்தி சூரியனைத் தொடர்ந்து திரும்புவது அது வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில்தான். நான்கைந்து இலை விட்ட நாளிலிருந்து மொட்டு விரியத் தொடங்கும் வரை அதன் நுனி காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் சாய்ந்திருக்கும். மஞ்சள் இதழ்கள் விரிந்த பிறகு அந்த அசைவு சிறிது சிறிதாகக் குறைந்து, பூ கிழக்கு நோக்கி நிலைத்துவிடும். மாசி மாதத்தில், மொட்டு பச்சையாக இருந்தபோது பார்த்திருந்தால் உங்கள் மகள் பாட்டில் உள்ளதை அப்படியே கண்டிருப்பாள்.

ஏன் அப்படி என்று அவள் கட்டாயம் கேட்பாள், கேட்கவும் வேண்டும். தொட்டாற்சிணுங்கியின் இலைக்காம்படியில் ஒரு புடைப்பு உண்டு. அதில் நீர் ஏறி இறங்குவதால் இலை மடங்குகிறது, பின்னர் விரிகிறது. சூரியகாந்தித் தண்டில் அப்படி ஓர் உறுப்பு இல்லை. ஆகவே அது வளர்ந்துதான் திரும்ப முடியும். பகல் நேரத்தில் தண்டின் கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தைவிடச் சற்று அதிகமாக நீள்கிறது, அதனால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் அதிகமாக நீள்கிறது, அதனால் நுனி கிழக்கே மீள்கிறது. வளர்ச்சி நின்றுவிட்டால் திரும்புவதற்கு வழியே இல்லை என்பதைக் குழந்தை தானாகவே புரிந்துகொள்வாள்.

இதில் எனக்கு இன்றும் வியப்பளிப்பது இரவுப் பகுதிதான். வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்வதை எந்தச் செடியும் செய்யும். சன்னலோரத்தில் வைத்த தொட்டிச் செடி ஒளி வரும் பக்கம் சாய்வதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். ஆனால் சூரியனே இல்லாத இருட்டில், அது எந்தத் திசையில் வரப்போகிறது என்று தெரிந்தது போல் விடியலுக்கு முன்பே கிழக்கு நோக்கித் திரும்பி நிற்பதற்கு ஒளி மட்டும் காரணமாக முடியாது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் சயின்ஸ் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தந்தது. வெளியே வளர்ந்த செடிகளை, தலைக்கு மேல் அசையாத விளக்கு எரியும் அறைக்குள் கொண்டுவந்து வைத்தபோதும் அவை சில நாட்கள் கிழக்குக்கும் மேற்குக்குமாக அசைந்துகொண்டே இருந்தன. விளக்குகளை நகர்த்தி ஒரு நாளை 30 மணி நேரமாக நீட்டியபோது அவற்றால் ஒழுங்காகப் பின்தொடர முடியவில்லை. 24 மணி நேரமாக மாற்றியதும் ஒழுங்கு திரும்பியது. அதாவது, செடிக்குள் ஓர் உயிரியல் கடிகாரம் ஓடுகிறது, அதுதான் இரவில் எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதை நடத்துகிறது. செடிகளைத் திரும்பவிடாமல் தடுத்துப் பார்த்தபோது அவற்றின் எடையும் இலைப்பரப்பும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்தன. இளஞ்செடிக்குத் திரும்புவது வெறும் அழகு அல்ல, உணவு.

முதிர்ந்த பூ ஏன் மேற்கில் நிற்காமல் கிழக்கில் நிற்கிறது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். கிழக்கு நோக்கிய பூ காலை வெயிலில் விரைவாகச் சூடேறுகிறது. தொட்டிகளைத் திருப்பி வைத்து மேற்கு நோக்கச் செய்த பூக்களைவிடக் கிழக்கு நோக்கிய பூக்களுக்குக் காலையில் ஐந்து மடங்கு வரை அதிகமாகத் தேனீக்கள் வந்தன. மேற்கு நோக்கிய பூக்களைச் சிறு ஹீட்டர் வைத்துச் சூடாக்கியபோது அவற்றுக்கும் தேனீ வரவு கூடியது. ஆகவே உங்கள் முற்றத்துப் பூக்கள் வீட்டுக்கு முதுகு காட்டுவதாக எண்ணி வருந்த வேண்டாம். காலை ஏழு, எட்டு மணிக்குச் சுவரோரமாகச் சென்று அவற்றின் முகத்தைப் பாருங்கள். நடுவிலிருக்கும் தட்டில் நூற்றுக்கணக்கான சிறுமலர்கள் நெருங்கியிருக்கும். ஓரத்து வரிசைகள் முதலில் விரிந்து, நாளுக்கு ஓரிரு வரிசையாக நடுவை நோக்கிப் போகும். விரிந்த வரிசையில் மஞ்சள் மகரந்தம் பொடியாகப் படிந்திருக்கும், அதற்கு உள்ளே மொட்டுகள் இறுக மூடியிருக்கும். தேனீ அந்த விரிந்த வளையத்தின் மேல்தான் சுற்றிச் சுற்றி நடக்கும். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. வெளியே நாம் இதழ் என்று நினைக்கும் மஞ்சள் நாக்குகளும் தனித்தனிச் சிறுமலர்களே. அவை விதை தருவதில்லை. தேனீயை அழைப்பதற்காக இருப்பவை.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். சூரியகாந்தி நம் மண்ணில் தோன்றிய செடி அல்ல. அதன் தாயகம் வட அமெரிக்கா. ஸ்பானியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று, ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிராக வளர்ந்தது. இந்திய வயல்களில் எண்ணெய்க்காக அது பரவியது 1970களை ஒட்டி, ரஷ்ய ரகங்களைக் கொண்டுதான். அப்படியானால் சூரியனைப் பார்க்கும் பூ என்ற எண்ணம் நம் பாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததா என்றால், இல்லை. புறநானூற்றின் 155ஆம் பாட்டில் மோசிகீரனார், பாழடைந்த ஊரில் பூத்த நெருஞ்சிப்பூ எழுகின்ற சூரியனை எதிர்கொள்வது போல வறிய புலவரின் உண்கலங்கள் கொண்கானத்துத் தலைவனை நோக்கி மலர்ந்தன என்று பாடுகிறார். குறுந்தொகை 315ஆம் பாட்டில், தலைவி தன் தலைவனை ஞாயிறு என்றும் தன் தோளை நெருஞ்சி என்றும் தோழியிடம் சொல்கிறாள். காலில் குத்தும் முள்ளுக்காக நாம் திட்டுகிற அந்தத் தரையோட்டச் செடியின் ஐந்திதழ் மஞ்சள் பூவை, அத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள். ஓமலூர், தாரமங்கலம் பக்கத்து மேட்டு நிலங்களில் நெருஞ்சி இன்றும் ஏராளம். சூரியகாந்தி வந்தபோது, நெருஞ்சிக்குத் தமிழில் ஏற்கெனவே இருந்த இடத்தில் அது போய் அமர்ந்துகொண்டது என்பது என் எண்ணம். குழந்தைப் பாட்டுக்கு அது பொருத்தமும்கூட. ஆளுயரம் வளர்ந்து, முகம் போன்ற பூவோடு நிற்பதை எந்தக் குழந்தையும் தவறவிடாது.

பள்ளிப் பாடல்களை நான் மதிப்பதற்குக் காரணம் அவற்றின் செய்தி மட்டும் அல்ல. நான் படித்த தொடக்கப் பள்ளி சூரமங்கலத்துக்கு அப்பால், கஞ்சமலை தெளிவாகத் தெரியும் இடத்தில் இருந்தது. காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவோம். 1970இல் அரசு அதை விழாக்களின் தொடக்கப் பாடலாக ஆக்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மாநிலப் பாடல் என்ற தகுதி அதற்கு 2021இல்தான் வந்தது. அது நிமிர்ந்து, கை அசையாமல் பாட வேண்டிய பாட்டு. செய்கைப் பாட்டுகளுக்கு நேரம் வேறு. மதிய உணவு முடிந்து தட்டுக் கழுவும் நீர் வாய்க்கால் வழியாகப் பள்ளித் தோட்டத்துப் பாத்திக்கு ஓடும் வேளையில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமர நிழலில் வட்டமாக நிறுத்தி, ஆசிரியை ஓர் அடி முன்பாட, நாங்கள் அதையே திருப்பிப் பாடுவோம். 'கிழக்கே' என்றதும் எல்லாரும் சூரியன் வந்த பக்கம் கை தூக்குவோம். 'மேற்கே' என்றதும் உடம்பு முழுவதும் கஞ்சமலைப் பக்கம் திரும்ப வேண்டும். யாராவது தவறான பக்கம் திரும்பினால் அடுத்த பிள்ளையோடு முகத்துக்கு முகம் மோதிக்கொள்வார்கள், அதிலேயே அவர்களுக்குத் தவறு தெரிந்துவிடும். ஆசிரியை ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் நான்கு வரியையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். 'கிழக்கே' என்பதற்குக் 'கிட்ட' என்றும், 'மேற்கே' என்பதற்கு 'மெல்ல' என்றும் மோனை அமைந்திருப்பதால், ஒரு திசையின் பெயர் நினைவுக்கு வந்தால் அடுத்த அடி தானே வந்துவிடும். பாட்டு செடியின் வாழ்க்கையைச் சொல்கிறது என்பதைவிட, ஆறு வயதுக் குழந்தைக்கு உடம்பில் திசையைப் பதிக்கிறது என்பதே சரி. சேலத்துப் பிள்ளைக்கு அது இன்னும் எளிது, ஏனென்றால் இங்கே திசைக்கு ஒரு மலை நிற்கிறது. வடக்கே சேர்வராயன் மலை, தென்கிழக்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. இப்படிக் கற்ற திசை எனக்கு இன்று வரை மறக்கவில்லை. ஆட்டோ ஓட்டுநருக்கு வழி சொல்லும்போதுகூட மனத்துக்குள் அந்தப் பாட்டின் அடி ஓடுகிறது. உடன் படித்தவர்களைக் கேட்டுப் பார்த்தால் பலருக்கும் முதல் கண்ணிதான் நினைவிருக்கிறது, கை அசைவு மட்டும் கடைசி வரை நினைவிருக்கிறது. தாளமும் மோனையும் உடலசைவும் சேர்ந்தால் எழுத்தறியாத வயதில் கற்றதும் நிற்கும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டுக்கும் செயலுக்கும் இடம் தந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கைபேசித் திரையில் பூ திரும்புவதைப் பார்த்துக்கொண்டு பாடுவது வேறு, வெயிலில் நின்று தானே திரும்பிப் பாடுவது வேறு. எங்கள் பள்ளியில் பாட்டு இருந்தது, பாத்தியும் இருந்தது. அந்தப் பாத்தியில் இருந்தவை வெண்டையும் கொத்தவரையும்தான். பாட்டையும் அது பாடும் செடியையும் ஒரே இடத்தில் கொண்டிருக்கும் வாய்ப்பு உங்கள் மகளுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

ஆகவே பாட்டை நிறுத்த வேண்டாம். ஒரு கண்ணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்தது இது, உங்கள் மகள் இதைவிட நன்றாக அமைக்கக்கூடும்.

மலர்ந்து முதிர்ந்த பின்னாலே
மறுபடி திரும்பப் போவதில்லை;
விடியும் திசையை நோக்கிநின்று
விருந்து வைக்கும் தேனீக்கு.

இதற்கான செய்கை, கிழக்கு நோக்கி அசையாமல் நிற்பது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது முதற்கண்ணியைவிடக் கடினம் என்பது உண்மை.

அடுத்த விதைப்புக்கு ஆனிக் கடைசியோ ஆடி முதல் வாரமோ ஏற்றது. அதற்கு ஒரு சிறப்புக் காரணமும் சொல்கிறேன். சேலம் நில நடுக்கோட்டுக்கு வடக்கே 11.65 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் நண்பகலில், ஏறக்குறைய 12.20 மணிக்கு, சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே, சேர்வராயன் மலைப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். சூரியன் மார்கழியில் தென்கிழக்கே ஜருகுமலைப் பக்கமாக எழுந்து கஞ்சமலைப் பக்கம் விழுவதும், ஆனியில் எழும் இடம் வடக்கே வெகுதூரம் நகர்ந்திருப்பதும் சூரியனின் பாதை ஆண்டு முழுவதும் இப்படி வடக்கும் தெற்குமாக நகர்வதால்தான். ஜூலையில் விதைத்த செடி ஆகஸ்ட் 22 வாக்கில் மொட்டுப் பருவத்தில் இருக்கும். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் மொட்டு எந்தப் பக்கமாகச் சாய்ந்து மேற்கே போகிறது என்று குழந்தை பார்த்துக் குறித்துவைக்கலாம். பாட்டில் கிழக்கும் மேற்கும்தான் உண்டு. வடக்கையும் தெற்கையும் முற்றம் அவளுக்குச் சொல்லித் தரும். மேகமூட்டமான நாளில் அசைவு சரியாகத் தெரியாது, வானம் தெளிவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

தொட்டியில் ஒரு செடியைத் தனியே வளர்த்தால் இன்னொன்றும் செய்யலாம். மொட்டு நன்றாகத் திரும்பிக்கொண்டிருக்கும் நாட்களில், மாலை இருட்டிய பிறகு தொட்டியை அரைவட்டம் சுற்றி வைத்துவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில் எல்லாச் செடிகளும் கிழக்கே பார்த்திருக்க, அது மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும். தன் கடிகாரம் சொன்னபடி இரவெல்லாம் தவறான பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். சில நாட்களில் அது மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு விடியற்காலை குழந்தைக்கு அதிகம் சொல்லும்.

பூக்கள் வீட்டைப் பார்த்து நிற்க வேண்டும் என்று விரும்பினால் விதைக்கும் இடத்தை மாற்றுங்கள். வீட்டுக்கு மேற்கே உள்ள வெற்றிடத்தில் விதைத்தால் அவற்றின் முகம் உங்கள் சன்னலை நோக்கியிருக்கும். ஆனால் காலை வெயிலை வீட்டுச் சுவர் மறைக்காத அளவு தள்ளி விதைக்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயிலாவது கிடைக்காத இடத்தில் செடி ஒளியைத் தேடி ஒடிசலாக நீண்டு சாய்ந்துவிடும். குழந்தையின் கண்ணுக்கு எட்ட வேண்டுமானால் மார்டன் போன்ற குட்டை ரகம் நல்லது. வரிசைக்கு ஒன்றரை அடியும் செடிக்குச் செடி ஓர் அடியும் இடைவெளி விடுங்கள். நம் செம்மண்ணுக்கு மக்கிய தொழு உரம் போதும். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும், மொட்டுக் கட்டும் போதும் பூக்கும் போதும் காயவிடாமல் இருப்பதும்தான் முக்கியம். ஏற்காட்டில் உறவினர் வீட்டிலும் விதைக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஆடி முதல் கார்த்திகை வரை மழையும் பனிமூட்டமும் மிகுதி, சில்வர் ஓக் நிழலும் சேர்ந்துகொள்ளும். அங்கே தை, மாசியில் திறந்த வெளியில் விதைப்பதே சரி.

இப்போது பூத்து நிற்பவற்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முற்றத்தில் சில செடிகள் மட்டும் இருக்கும்போது தேனீ போதாமல் விதைகள் பொக்காகிவிடுவது உண்டு. காலை 9 மணி முதல் 11 மணிக்குள், கையில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பூவின் நடுத்தட்டை மெதுவாகத் தடவி, அதே துணியால் அடுத்த பூவையும் தடவுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும், குழந்தையே செய்யலாம். விதை பால்பிடித்ததும் கிளிகள் வந்துவிடும். பூவின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறும் வரை, காற்றுப் புகும் வலைத்துணியால் தலைகளைக் கட்டி வையுங்கள். மாறிய பின் அறுத்து, நிழலில் காயவைத்து உதிர்க்கலாம். கடையில் வாங்கியது ஹைப்ரிட் விதை என்றால், அதிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை ஒரே சீராக வராது, அதைக் கிளிகளுக்கே விட்டுவிடலாம். ஹைப்ரிட் அல்லாத நிலையான ரகம் என்றால் கைப்பிடி விதையை நன்றாகக் காயவைத்துத் துணிப்பையில் கட்டி, ஆடி விதைப்புக்கு எடுத்து வையுங்கள்.